எக்டன் ஹீத் யாருடைய நிலம்? ஹார்டியின் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்’ பற்றி ஒரு விவாத இழை

சாம்பல்நாரை

தாமஸ் ஹார்டியின் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்’ (1878) படித்து முடித்தவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன். கதையின் முடிவு வரை எல்லாம் பேசுவோம். படிக்காதவர்கள் இப்போதே ஒதுங்கிக்கொள்ளலாம்.

இந்த நாவலைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்லிவிடுவார்கள்: எக்டன் ஹீத் என்ற அந்தப் புதர்வெளிதான் உண்மையான கதாநாயகன், மனிதர்கள் அதன் மேல் வந்து போகிறவர்கள். அப்படிச் சொல்வதற்கு ஹார்டியே வழி செய்து கொடுத்திருக்கிறார். முதல் அத்தியாயத்தில் ஒரு ஆள் கிடையாது. நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை மாலை, வானத்தில் இன்னும் வெளிச்சம், தரை மட்டும் இருட்டிவிட்டது. கடல் மாறியது, வயல் மாறியது, ஊர் மாறியது, மனிதர்கள் மாறினார்கள், எக்டன் மாறவில்லை என்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில்தான் மனிதர்கள் வருகிறார்கள். அதன் தலைப்பே மனிதகுலம் தொல்லையோடு கைகோத்து வருகிறது என்கிற மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு வரும் ஒவ்வொருவரையும் அந்த நிலத்தை வைத்தே ஹார்டி அளக்கிறார். யூஸ்டேஷியா வைக்கு அது சிறை. பட்மவுத் என்ற கடற்கரை ஊரில் பேண்டு வாத்தியக் குழுத் தலைவரின் மகளாக வளர்ந்தவள், தாத்தா வீட்டில் ஒதுங்க வேண்டிய நிலைமை. கிளிம் யோப்ரைட்டுக்கு அது தாய்மடி. பாரிஸில் வைர வியாபாரியிடம் மேலாளராக இருந்தவன் அதை உதறிவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தத் திரும்புகிறான். யூஸ்டேஷியாவின் வெறுப்பையெல்லாம் அப்படியே அன்பாக மாற்றினால் கிளிமின் மனசு கிடைக்கும் என்று ஹார்டி ஒரே வரியில், பின்னால் கணவன் மனைவியாகப் போகிற இருவரையும் முடிச்சுப் போடுகிறார்.

என் கேள்வி இதுதான். நிலம் இவர்களை உருவாக்குகிறதா, இல்லை இவர்கள் தங்கள் முகத்தை நிலத்தின் மேல் ஒட்டிப் பார்க்கிறார்களா? நான் முதல் கட்சி. கிளிம் அந்த ஹீத்தின் விளைபொருள் என்றே எழுதியிருக்கிறது. அதன் காட்சியும் மணமும் அவனுக்குள் ஊறிப்போனவை. அங்கிருந்து பிடுங்கி எடுத்தால் கிளிம் என்று ஒருவன் மிஞ்ச மாட்டான் என்பது என் வாதம்.

ராத்திரி ஷிப்ட்

அந்த முதல் அத்தியாயத்தை மூன்று முறை ஆரம்பித்துக் கைவிட்டவர்கள் சங்கம் ஒன்று இருந்தால் நான்தான் செயலாளர். பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டாம் அத்தியாயத்தில் ஆரம்பித்து, முழுவதும் முடித்துவிட்டு முதலாவதுக்கு வந்தேன். அப்போது நன்றாகவே இருந்தது. இழையைத் தொடருங்கள், நிறையச் சொல்ல இருக்கிறது.

நூலகத்துப் பல்லி

நாரை அண்ணா, உங்கள் கட்சிக்கு வலுவான சாட்சி நான்காம் பாகத்தில் இருக்கிறது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை. கொளுத்தும் வெயில். மகனோடு மனஸ்தாபமாகிப் பிரிந்திருக்கும் திருமதி யோப்ரைட் சமாதானம் பேசலாம் என்று கிளம்பி நடக்கிறாள். வீட்டுக்கு வழி தெரியாது. முன்னால் புதர் வெட்டும் ஆள் ஒருவன் போகிறான், அவன் பின்னாலேயே போ என்று யாரோ கைகாட்டி விடுகிறார்கள். ஃபர்ஸ் என்கிற அந்த முட்புதரை வெட்டிக் கட்டுக்கட்டாக விறகுக்கு விற்பது அந்தப் பகுதியில் ஏழைகளின் பிழைப்பு. தோல் காலுறை, கையுறை, உடம்பெல்லாம் புதரின் நிறம். இலையைத் தின்னும் பச்சைப் புழுவை இலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதது போல, அவனையும் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு பூச்சிக்கு உள்ள மதிப்புதான் அவனுக்கும். துணியை அரிக்கும் அந்துப்பூச்சி போல ஹீத்தின் மேற்பரப்பை அரித்துக்கொண்டு போகிறான், உலகத்தில் ஃபெர்ன், ஃபர்ஸ், பாசி தவிர வேறு எதுவும் அறியாதவனாக.

நடந்துகொண்டே இருக்கும்போது அவள் ஒன்றைக் கவனிக்கிறாள். அந்த நடை எங்கேயோ பார்த்த நடை. இறந்துபோன கணவனின் நடை. அப்புறம்தான் உறைக்கிறது, அது தன் மகன் என்று. படிப்பு, பாரிஸ், வைரக்கடை, எல்லாம் கண் கெட்டுப்போனதோடு போயிற்று. ராத்திரி ராத்திரியாகப் படித்துப் பார்வை மங்கியதால் புதர் வெட்ட வந்திருக்கிறான்.

பெற்ற தாய்க்கே மகனைத் தெரியாத அளவுக்கு நிலம் ஒருவனை விழுங்கிவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வெண்பூண்டு

பல்லி, அதே காட்சி உங்களுக்கு எதிராகவும் பேசுகிறதே. அவனைக் காட்டிக் கொடுத்தது எது? நடை. அது ஹீத்தில் முளைத்தது இல்லை, அப்பனிடமிருந்து வந்தது. தோலும் துணியும் புதராக மாறின பிறகும் நடை யோப்ரைட்டின் நடையாகவே இருக்கிறது. டார்வினின் பரிணாம நூலான ‘ஆரிஜின் ஆஃப் ஸ்பீஷீஸ்’ வந்தபோது ஹார்டிக்கு 19 வயது. அதை முதலில் வரவேற்றவர்களில் தானும் ஒருவன் என்று சொல்லிக்கொண்டவர். நிறமாற்றம் ஒரு பக்கம், வழிவழியாக வருவது ஒரு பக்கம் என்று இரண்டையும் ஒரே காட்சியில் வைத்திருக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன்.

‘கதாநாயகன் ஹீத்’ கட்சிக்காரர்கள் எல்லாரும் வசதியாக மறந்துவிடும் ஒரு ஆளை இங்கே இழுத்து வருகிறேன்: கிளிமின் ஒன்றுவிட்ட சகோதரி தாமசின்.

நவம்பர் 6 ராத்திரி, ஐந்தாம் பாகம். யூஸ்டேஷியா வீட்டைவிட்டு ஓடுகிறாள். மழை, காற்று, கும்மிருட்டு. ரெயின்பேரோ மேட்டின் மேல் நிற்கிறாள். அவள் மனதின் கலவரமும் வெளியில் இருக்கும் கலவரமும் இத்தனை கச்சிதமாக ஒத்துப்போனது கிடையாது என்கிறார் ஹார்டி. இதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், பரீட்சையிலும் கேட்பார்கள் போலிருக்கிறது.

அதே ராத்திரி, அதே மழை, சில பக்கங்கள் தள்ளி. தாமசின் கைக்குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு அதே ஹீத்தில் நடக்கிறாள். புருஷன் வைல்டீவ் தன் பழைய காதலி யூஸ்டேஷியாவோடு ஓடப்போகிறான் என்ற பயம் அவளுக்கு. யூஸ்டேஷியாவுக்குக் காற்றில் பேய்களும் ஒவ்வொரு புதரிலும் கிளையிலும் வஞ்சகமும் தெரிந்தன அல்லவா? இவளுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. முகத்தில் அடிக்கிற மழை தேள் அல்ல, வெறும் மழை. எக்டன் அரக்கனும் அல்ல, ஆளில்லாத திறந்தவெளி. வழி தவறலாம், சளி பிடிக்கலாம், அவ்வளவுதான் அவள் பயம்.

துன்பத்தில் இருக்கிற இரண்டு பெண்கள், ஒரே இரவு, ஒரே இடம். ஒருத்திக்கு விதி, ஒருத்திக்கு வானிலை. நிலம்தான் மனிதரை உருவாக்குகிறது என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

சாம்பல்நாரை

தாமசினை மறுக்க முடியாது. ஆனால் பூண்டு, அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். எக்டனை வெறும் வெளியாகப் பார்க்க முடிவதே உள்ளூர்க்காரிக்கு வாய்க்கிற சலுகை என்றும் சொல்லலாம் இல்லையா? வெளியூரிலிருந்து வந்தவளுக்குத்தான் ஒவ்வொரு புதரும் முறைக்கும்.

யூஸ்டேஷியா விஷயத்தில் இன்னொரு விந்தை. வெறுக்கிற அவள்தான் ஹீத்தை எல்லாரையும்விடக் காது கொடுத்துக் கேட்கிறாள். முதல் பாகத்தில் மேட்டின் மேல் தனியாக நிற்கும்போது ஒரு ஓசை வருமே, நினைவிருக்கிறதா? போன கோடையில் பூத்துக் காய்ந்துபோன ஹெதர் பூக்கள், மணி மணியாகச் செடியிலேயே தொங்குகின்றன. காற்று அவற்றுக்குள் நுழைந்து எழுப்புகிற கரகரப்பு. ஒரு பூவின் ஓசை யார் காதிலும் விழாது, கோடிக்கணக்கில் சேரும்போது கேட்கிறது. அதற்கு நடுவே அவள் பெருமூச்சு விடுகிறாள், அதுவும் அந்த ஓசையின் ஒரு பகுதி போலவே கலந்துவிடுகிறது. பாரிஸைக் கனவு காண்கிறவளின் மூச்சுக்கும் புதரின் மூச்சுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இந்த ஹீத்தான் தனக்கு யமன் என்று வைல்டீவிடம் அவளே சொல்கிறாள், கடைசியில் ஷாட்வாட்டர் மதகு நீரில் சாகவும் செய்கிறாள்.

ராத்திரி ஷிப்ட்

சரி, இப்போது என் பங்கு. நீங்கள் மூன்று பேரும் ‘நிலம்’, ‘மனசு’ என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நாவலில் கூலி என்று ஒன்றும் இருக்கிறது.

கிளிம் புதர் வெட்டப் போவதற்கு முன்னால், அதுவே பிழைப்பான ஹம்ஃப்ரியிடம் முதலில் கேட்பதே, இதற்கு என்ன கிடைக்கும் என்றுதான். நூறு கட்டுக்கு அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங். பகல் நீளமான நாட்களில் நன்றாகவே பிழைக்கலாம் என்கிறான் ஹம்ஃப்ரி. மறுநாளே ஹம்ஃப்ரியிடம் காலுறையும் கையுறையும் இரவல் வாங்கிக்கொண்டு கிளிம் கிளம்பிவிடுகிறான். வெட்டிக்கொண்டே பிரெஞ்சுப் பாட்டு பாடுகிறான். தேனீ காதருகே ரீங்கரிக்கிறது, எக்டனுக்கே உரிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முதுகில் உட்காருகின்றன, வெட்டுக்கிளிகள் காலடியில் தாவுகின்றன. மிக அழகான பக்கம், மறுக்கவில்லை. யூஸ்டேஷியா அந்தப் பாட்டைக் கேட்டு அழுகிறாள், புருஷன் கூலிக்காரனாகிவிட்டான், அதில் சந்தோஷமாக வேறு இருக்கிறான் என்று.

நான் கேட்பது வேறு. ஹம்ஃப்ரியின் முதுகிலும் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருக்கும்தானே? அவனுக்கு ஏன் அந்தப் பத்தி கிடைக்கவில்லை? இயற்கையோடு ஒன்றுதல் என்ற பட்டம் படித்துவிட்டு இறங்கி வந்தவனுக்கு மட்டும்தானா? காலம் முழுக்க அதே வேலை செய்கிறவன் நாவலில் பெரும்பாலும் நகைச்சுவைக்கும் ஊர்வம்புக்கும்தான் வருகிறான்.

வைல்டீவின் விடுதியை ஒட்டியிருக்கும் துண்டு நிலத்தையும் மறக்காதீர்கள். அதை உழலாம் என்று கண்டுபிடித்தவன் உழைத்தே செத்தான். அடுத்து வந்தவன் உரம் போட்டே ஓட்டாண்டியானான். மூன்றாவதாக வந்து பெயரைத் தட்டிக்கொண்டவன் வைல்டீவ். அவன் படித்ததோ பொறியியல், அதில் தேறவில்லை. ஹார்டி இதை இரண்டு மூன்று வரியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வரிகள் முதல் அத்தியாயம் முழுவதையும்விடக் கூர்மையானவை என்பது என் அபிப்பிராயம்.

கற்றாழை

நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) படித்தவர்களுக்கு இந்த இழை இன்னும் சுவையாக இருக்கும். அங்கேயும் ஹீத்தும் காற்றும்தான். கேத்தரின் ஒரு கனவு சொல்வாள். சொர்க்கத்தில் இருக்கப் பிடிக்காமல் அழுகிறாள், தேவதூதர்கள் கோபத்தில் அவளைத் தூக்கி ஹீத்தின் நடுவே எறிந்துவிடுகிறார்கள், அங்கே ஆனந்தத்தில் அழுதுகொண்டே கண் விழிக்கிறாள். எமிலி பிராண்டேக்கு நிலம் ஆசையின் பக்கம் நிற்கிறது. ஹார்டியின் நிலம் யார் பக்கமும் நிற்பதில்லை. கிளிமின் அம்மா சாகக் கிடக்கும்போதுகூட.

வெண்பூண்டு

கற்றாழை அக்கா, அந்த இடம்! மகன் வீட்டுக் கதவு திறக்காமல் திரும்புகிறாள் திருமதி யோப்ரைட். களைத்துப்போய் உட்கார்ந்த இடத்தில், காலடியில் எறும்புச்சாரை. வருஷக்கணக்காக இதே இடத்தில் இதே சாரை ஓடிக்கொண்டிருந்தது அவள் நினைவுக்கு வருகிறது. தான் இளமையில் பார்த்த எறும்புகளின் வாரிசுகள்தான் இவை என்று நினைத்துக்கொள்கிறாள். மேலே ஒரு நாரை பறக்கிறது, ஏதோ குட்டையிலிருந்து நனைந்தபடி எழுந்து வந்தது, வயிற்றுப் பக்கம் வெயிலில் வெள்ளி போலப் பளபளக்க. (சாம்பல்நாரை, உங்கள் புனைபெயர் இங்கிருந்துதானா?) அதைப்போலத் தரையை விட்டுக் கிளம்பிவிட மாட்டோமா என்று ஏங்குகிறாள். நாரை அவளைக் கவனிப்பதில்லை, எறும்பும் கவனிப்பதில்லை. பிறகு விரியன் கடிக்கிறது. ஊர்க்காரர்கள் வேறு விரியன்களைப் பிடித்து வந்து அதன் கொழுப்பைக் காய்ச்சிக் கடிவாயில் தடவுகிறார்கள். நிலத்தின் விஷத்துக்கு நிலத்திடமே மருந்து. பலிக்கவில்லை.

நூலகத்துப் பல்லி

டிகரி வென்னை யாரும் தொடவில்லையே. ஆட்டுக்கு அடையாளம் போடும் செங்காவி விற்கிறவன். தலை, முகம், துணி, வண்டி எல்லாம் சிவப்பு. அது கழுவினால் போகாத நிறம், பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்ட அவன் பேரைத்தான் சொல்வார்கள். பால்பண்ணை வைத்திருந்தவன், தாமசின் வேண்டாம் என்று சொன்னதால் இந்தத் தொழிலுக்கு வந்தான். கடைசியில் பண்ணைக்கே திரும்பி, சிவப்பெல்லாம் போய் சாதாரண மனிதத் தோலோடு தாமசின் முன்னால் நிற்கும்போது அவள் மிரண்டுவிடுகிறாள்.

ஹீத்தின் மண் நிறம் ஒட்டினவன் அதைக் கழற்றி வைத்தும் விடலாம் என்றால், நிலம்தான் அடையாளம் என்ற என் பேச்சு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஆனால் ஒன்று, ஹார்டிக்கே அந்த முடிவில் மனமில்லை. வென் கடைசிவரை காவிக்காரனாகவே இருந்து ஹீத்திலிருந்து மறைந்துபோவதாகத்தான் முதலில் யோசித்திருந்தாராம், தொடராக வெளிவந்த சூழ்நிலையால் கல்யாணத்தில் முடிக்க வேண்டியதாயிற்று என்று 1912 பதிப்பில் குறிப்பு எழுதினார். எந்த முடிவை எடுத்துக்கொள்வது என்பது வாசகர் பாடு என்று கைகழுவிவிட்டார்.

ஆவாரம்பூ

நான் இலக்கியம் படித்தவள் இல்லை, தாவரவியல் ஆசிரியை. இந்த நாவலை வேறு காரணத்துக்காகப் படித்தேன். உங்கள் விவாதத்தின் அடிப்படையிலேயே எனக்கு ஒரு சிக்கல் தெரிகிறது.

முதல் அத்தியாயத்தில் ஹார்டி, எக்டனின் மேடு பள்ளங்கள் கடப்பாரை, கலப்பை, மண்வெட்டி எதனாலும் வந்தவை அல்ல, கடைசியாக நடந்த நிலவியல் மாற்றத்தின் விரல்தடம் அப்படியே இருக்கிறது என்கிறார். மண்ணின் வடிவத்துக்கு அது பொருந்தலாம். அதன் மேல் வளர்ந்திருப்பதற்குப் பொருந்தாது. தெற்கு இங்கிலாந்தின் தாழ்நில ஹீத் என்பது இயற்கையாக உண்டாகி அப்படியே நின்ற காடு அல்ல. ஹார்டியின் சொந்த மாவட்டமான டார்செட்டின் சத்தில்லாத மணல் மண்ணில் ஒரு காலத்தில் மரங்கள் இருந்தன. வெண்கலக் கால மக்கள் வெட்டி அழித்தார்கள். அதற்குப் பிறகு மேய்ச்சல், தீ வைத்தல், அடுப்புக்குப் புல்கரி வெட்டி எடுத்தல், ஃபர்ஸ் வெட்டுதல், இவை ஆயிரக்கணக்கான வருடங்கள் தொடர்ந்து நடந்ததால்தான் மரம் திரும்பி வராமல் ஹெதரும் ஃபர்ஸும் நின்றன. கை வைக்காமல் விட்டால் சில பத்தாண்டுகளில் பிர்ச்சும் பைனும் ஏறிவிடும்.

யூஸ்டேஷியா ஏறி நிற்கும் ரெயின்பேரோவும் அந்த வெண்கலக் கால மக்களின் புதைமேடுதான். அந்த மேட்டையும் பழைய சாலையையும் மட்டும் விதிவிலக்காகக் காட்டி, அவையும் நாள்பட நாள்பட இயற்கைப் பொருளாகவே இறுகிப்போய்விட்டன என்று ஹார்டி எழுதுகிறார். விதிவிலக்கு அந்த இரண்டு மட்டும் இல்லை, கண்ணுக்கு எட்டிய பச்சை முழுவதும் விதிவிலக்கு.

அந்துப்பூச்சி உவமையை இப்போது திரும்பப் பாருங்கள். அரித்தால் துணி கிழியும். ஹீத் அப்படி இல்லை, அரித்தால்தான் இருக்கும். கிளிமும் ஹம்ஃப்ரியும் வெட்டுகிற ஒவ்வொரு கட்டும் அந்த நிலத்தை ஹீத்தாக வைத்திருக்கிறது.

மாறாதது என்று சொன்ன எக்டன் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்டன் என்பது பல ஹீத்களைச் சேர்த்து ஹார்டி வைத்த பெயர். 1895 முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் அவற்றில் பெரும் பகுதி பைன் தோட்டமானது, வயலானது. பொவிங்டன் பக்கம் ராணுவ டாங்கிப் பயிற்சிக்குப் போனது. வின்ஃப்ரித் ஹீத்தில் அணு ஆராய்ச்சி நிலையம் வந்தது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற இன்றைக்கும் மரக்கன்றுகளை வெட்டுகிறார்கள், மாடும் குதிரையும் விட்டு மேய்க்கிறார்கள்.

ராத்திரி ஷிப்ட்

ஆவாரம்பூ டீச்சர், கும்பிடுகிறேன். ஹம்ஃப்ரிக்கு நான் கேட்ட பத்தியை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. முதல் அத்தியாயத்தில் ஆளே இல்லை என்று நாரை ஆரம்பித்தாரே, ஒருவன் இருக்கிறான். முதல் பத்தியிலேயே. வானத்தைப் பார்த்தால் புதர் வெட்டுகிறவன் வேலையைத் தொடரலாம் என்று நினைப்பான், தரையைப் பார்த்தால் கையிலிருக்கும் கட்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பான் என்று ஒரு வாக்கியம் வருகிறது. அந்தி வெளிச்சத்தை அளக்கவே ஹார்டிக்கு ஒரு கூலியாள் தேவைப்பட்டிருக்கிறான். பெயர் மட்டும் வைக்கவில்லை.

சாம்பல்நாரை

அந்த வாக்கியத்தைக் கணக்கில் சேர்க்கலாமா என்பதே விவாதத்துக்குரியது. அவன் இருந்திருந்தால் இப்படி நினைத்திருப்பான் என்ற அளவில்தான் அங்கே வருகிறான். ஆனாலும் டீச்சர் சொன்னதிலிருந்து என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு நிற்கிறேன்: கிளிம் ஹீத்தின் விளைபொருள் என்பது உண்மை, ஹீத் கிளிம் போன்றவர்களின் விளைபொருள் என்பதும் உண்மை. அப்படிப் பார்த்தால் தாமசினுக்கு மழை வெறும் மழையாகத் தெரிவதும் புரிகிறது. வேலை செய்து பழகிய இடத்தைப் பார்த்து யாரும் மிரள்வதில்லை. யூஸ்டேஷியா அந்த நிலத்தில் ஒரு நாளும் எதையும் செய்யவில்லை. தாத்தாவின் தொலைநோக்கியை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெண்பூண்டு

கொஞ்சம் பொறுங்கள், யூஸ்டேஷியா மேல் இத்தனை சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். அவள் என்ன வேலை செய்திருக்க முடியும்? அவள் இருந்த நிலையில் ஒரு பெண் புதர் வெட்டப் போயிருந்தால் ஊர் சும்மா விட்டிருக்குமா? சும்மா நடந்து போனதற்கே சூசன் நன்சச் அவளைச் சூனியக்காரி என்று தேவாலயத்தில் வைத்து ஊசியால் குத்தினாள். ஆண்களுக்கு நிலத்தோடு வேலை, பெண்ணுக்கு நிலத்தோடு வேடிக்கை பார்க்கிற உறவுதான் என்று அந்தச் சமூகம் ஒதுக்கிவிட்டு, பிறகு பார்க்கிறாளே என்று குறை சொல்வது நியாயமா?

அப்புறம் கிளிமையும் ஒரேயடியாகப் பாட்டாளி ஆக்கிவிடாதீர்கள். கண் கெட்டதால் வெட்டினான், காலத்துக்கும் அது அவன் பிழைப்பாகிவிடவில்லை. கடைசி அத்தியாயத்தில் ரெயின்பேரோ மேல் நின்று பிரசங்கம் பண்ணுகிறான், 33 வயதுகூட ஆகவில்லை. கீழே சரிவில் சாய்ந்து கேட்கிற ஊர் ஜனங்கள் நினைவில்லாமலே ஹெதரைப் பிடுங்குகிறார்கள், ஃபெர்னை உருவுகிறார்கள், கூழாங்கல்லை உருட்டி விடுகிறார்கள்.

ராத்திரி ஷிப்ட்

பார்த்தீர்களா, பிரசங்கம் நடக்கும்போதும் அவர்கள் கை ஹெதரில்தான் இருக்கிறது.

வெண்பூண்டு

அது சலிப்பு, ஷிப்ட். கேட்கப் பொறுமையில்லாதவன் பண்ணுகிற காரியம். அதையும் நிலப் பராமரிப்புக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.